மத்திய தரைக்கடல் கப்பல்: எந்தத் துறைமுகத்தில் ஏறுவது? மதுரையிலிருந்து நாங்கள், லியோனிலிருந்து அக்கா குடும்பம்

திருநகர் செந்தில்:

எல்லோருக்கும் வணக்கம். மே மாதம் மத்திய தரைக்கடலில் ஏழு இரவு கப்பல் பயணம் போகலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. மதுரையிலிருந்து நாங்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, நான், மனைவி, நான்காம் வகுப்பு படிக்கும் மகள். அக்கா, மச்சான், அவர்கள் பையன் மூவரும் பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கிறார்கள். அக்காவை அப்பா அம்மா நேரில் பார்த்து வெகு நாளாகிறது. அதனால் ஊர் பார்ப்பதைவிட எல்லோரும் ஒன்றாக இருப்பதுதான் இதில் முக்கியம்.

ஏஜென்ட் அனுப்பிய அட்டவணை இப்படி இருக்கிறது: ஞாயிறு ஜெனோவா, திங்கள் சிவிடவெக்கியா (ரோம் நகரத்துக்கான துறைமுகம்), செவ்வாய் பலெர்மோ, புதன் மால்டாவின் வலெட்டா, வியாழன் முழுக்கக் கடல், வெள்ளி பார்சலோனா, சனி மார்செய், மறுபடி ஞாயிறு ஜெனோவா. இதில் கிட்டத்தட்ட எந்தத் துறைமுகத்தில் வேண்டுமானாலும் ஏறலாமாம். ஏழு இரவு முடிந்து அதே துறைமுகத்தில் இறங்க வேண்டும். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த வண்டிக்கு டெர்மினஸே இல்லையேப்பா, எல்லா ஸ்டேஷனிலும் ஏறுகிறார்கள், எல்லா ஸ்டேஷனிலும் இறங்குகிறார்கள்" என்றார்.

ஏஜென்ட் சொல்வது: அக்கா குடும்பம் மார்செயில் ஏறட்டும், நீங்கள் சிவிடவெக்கியாவில் ஏறுங்கள், கட்டணமும் கொஞ்சம் குறைவு. இது சரிவருமா? தினமும் ஆட்கள் ஏறி இறங்கும் கப்பலில் தொந்தரவு அதிகமா? அம்மாவுக்கு மூட்டு வலி, படி ஏறுவது கஷ்டம். அம்மா சுத்த சைவம். விசா எந்த நாட்டுக்குப் போட வேண்டும்? அம்மாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை: அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பசுமலை ரவி:

நான் உங்கள் ஏஜென்ட் பக்கம்தான். காரணம் ரோம். ஏறுகிற நாள் பெட்டியோடு போய்விடும், அன்றைக்கு அந்த ஊரைப் பார்க்க முடியாது. அதனால் எந்த ஊரில் இரண்டு நாள் முன்னாலேயே போய்த் தங்க ஆசையோ அந்த ஊர்த் துறைமுகத்தில் ஏறுவதுதான் கணக்கு. சிவிடவெக்கியாவிலிருந்து ரோம் ஏறத்தாழ 70, 80 கிலோமீட்டர். கப்பல் நிற்கும் ஒரே பகலில் போய்த் திரும்புவது ஓட்டமாக இருக்கும். முன்னாலேயே ரோமில் தங்கிவிட்டால் கொலோசியம், வத்திக்கான் எல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டு ரயிலில் சிவிடவெக்கியா வந்து ஏறலாம். ஸ்டேஷனிலிருந்து துறைமுக வாசலில் இருக்கும் லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்துக்கு பஸ் உண்டு. அங்கிருந்து கப்பல் வரைக்கும் துறைமுகத்தின் இலவச பஸ். சுலபம்.

சென்னையிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாக ரோமுக்கு விமானமும் நிறைய.

புதூர் மங்கையர்க்கரசி:

செந்தில் தம்பி, ரவி சொன்ன கணக்கு ரோம் பார்க்கப் போகிறவர்களுக்குச் சரி. உங்களுக்கு அது பொருந்தாது என்று நினைக்கிறேன். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எல்லோரும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம் என்று. அப்படியானால் எட்டுப் பேரும் மார்செயில் ஏறுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதே ஏற்பாட்டில்தான் நாங்கள் போய்வந்தோம்.

அட்டவணையைத் தாளில் எழுதிப் பாருங்கள். அக்கா சனிக்கிழமை மார்செயில் ஏறுகிறார். நீங்கள் திங்கட்கிழமை சிவிடவெக்கியாவில் ஏறுகிறீர்கள். அடுத்த சனிக்கிழமை காலையில் அக்கா இறங்கிவிடுவார். ஆக ஒன்றாக இருப்பது ஐந்து இரவுதான். ஜெனோவாவில் ஏறினால் ஆறு இரவு. பார்சலோனாவில் வெள்ளிக்கிழமை ஏறினாலும் ஆறுதான், நீங்கள் ஒரு நாள் முன்னால் ஏறி ஒரு நாள் முன்னால் இறங்குவீர்கள். மார்செயில் மட்டும்தான் ஏழும் முழுதாகக் கிடைக்கும். ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார். "எல்லோரும் ஒரே கப்பல்" என்று மட்டும் சொல்லியிருப்பார்.

எங்கள் கொழுந்தனார் குடும்பம் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறது. அவர்கள் மார்செயில் ஏறினார்கள். எங்களுக்கு விமான டிக்கெட் ரோமுக்குத்தான் அமைந்தது, அதனால் சிவிடவெக்கியாவில் ஏறினோம். என் மாமியார் எங்களோடு. நாங்கள் ஏறும்போது கொழுந்தனார் பிள்ளைகளுக்குக் கப்பல் பழகிவிட்டது, எந்தத் தளத்தில் ஐஸ்கிரீம், எந்தத் தளத்தில் நீச்சல் குளம் என்று பாட்டியைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார்கள். அது சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை பார்சலோனா சுற்றிவிட்டுத் திரும்பிய சாயங்காலமே அவர்கள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். ராத்திரி பெட்டிகளைச் சீட்டுக் கட்டி கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும், ஊழியர்கள் எடுத்துப் போவார்கள். அந்த நீளமான நடையில் இறங்குகிறவர்களின் வாசலில் மட்டும் பெட்டி நிற்கும். என் மாமியார் மகன் கேபின் வாசலில் பெட்டியைப் பார்த்ததோடு சரி, அன்றைக்குச் சாப்பாட்டு மேசைக்கே வரவில்லை. சனிக்கிழமை மார்செயில் அவர்கள் இறங்கினார்கள். எங்களுக்கு இன்னும் ஜெனோவா இருந்தது, நல்ல ஊர், ஆனால் மாமியார் கேபினை விட்டு வெளியே வர மனம் வைக்கவில்லை. வயதானவர்களுக்குப் பிள்ளைகளை வழியனுப்புவது ஒரு தடவை போதும். விமான நிலையத்தில் ஒரு தடவை, கப்பலில் ஒரு தடவை என்று இரண்டாக வைக்காதீர்கள்.

தொந்தரவு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் அதன் நேரம் தெரிந்துவிட்டால் சமாளிக்கலாம். நம் ஆட்கள் மற்ற கப்பல்களைப் பற்றிச் சொல்வதைக் கேட்டு, முதல் நாள் எல்லோரும் ஏறி, கடைசி நாள் எல்லோரும் இறங்குவார்கள் என்று எதிர்பார்த்துப் போனால் இது புதிதாக இருக்கும். இந்தச் சுற்றில் தினமும் யாருக்கோ முதல் நாள், யாருக்கோ கடைசி நாள். காலையில் கணக்கு முடிக்கிறவர்கள் வரவேற்பு மேசையில் வரிசையாக நிற்பார்கள். மத்தியானம் புதிதாக ஏறியவர்கள் கைப்பெட்டியோடு நேரே பஃபேக்கு வந்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்கள் கேபின் இன்னும் தயாராகியிருக்காது. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அங்கே உட்கார இடம் தேடுவது கஷ்டம். உங்கள் அம்மாவைப் பதினொன்றரைக்கே அழைத்துப்போய் உட்காரவைத்துவிடுங்கள். லிஃப்ட்டும் அந்த நேரத்தில் நிறைந்தே வரும்.

அறிவிப்பு ஒவ்வொன்றும் இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜெர்மன், ஆங்கிலம் என்று வரிசையாக வரும். நமக்கான ஆங்கிலம் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். சில சமயம் அது கடைசியில்தான் வந்தது. ராத்திரி கேபினில் வைக்கும் மறுநாள் நிகழ்ச்சித் தாளை வாங்கி உங்கள் அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். கால அட்டவணை படித்தவருக்கு அது போதும், அறிவிப்பே தேவைப்படாது. அதில் எல்லோரும் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் தினமும் போட்டிருக்கும். அது புறப்படும் நேரம் இல்லை, அதற்கு முன்னால். அதைத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

இன்னொன்று, மிக முக்கியம். ஒரே துறைமுகத்தில் ஏறினாலும் இரண்டு பதிவு என்றால் இரண்டையும் கப்பல் நிறுவனத்திடம் சொல்லி இணைக்கச் சொல்லுங்கள், எழுத்தில் வாங்குங்கள். இரவுச் சாப்பாடு இரண்டு பந்தியாக நடக்கும், முதல் பந்தி, இரண்டாம் பந்தி. எங்கள் ஏஜென்ட் இணைக்காமல் விட்டதால் கொழுந்தனாருக்கு முதல் பந்தி, எங்களுக்கு இரண்டாம் பந்தி. ஒரே கப்பலில் இருந்துகொண்டு தனித்தனியாகச் சாப்பிட்டோம். தலைமைப் பரிமாறுபவரிடம் நின்று பேசி மாற்ற வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு ராத்திரி போய்விட்டது. உங்கள் அக்கா பிரான்சில் பதிவு செய்வார், நீங்கள் இங்கே பதிவு செய்வீர்கள், அதனால் இது உங்களுக்கும் நடக்கலாம். முடிந்தால் எட்டுப் பேருக்கும் ஒரே இடத்தில் பதிவு செய்யுங்கள்.

சாப்பாடு. பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிக் கொடுங்கள், ஏறியதும் மறுபடி சொல்லுங்கள். சைவம் என்று எழுதியிருப்பதெல்லாம் நம் சைவம் இல்லை. ரிசோட்டோவும் (இத்தாலியச் சோற்று வகை) சூப்பும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததாக இருக்கலாம். பார்மசான் சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைப்பொருளால் உறையவைப்பது, பாஸ்தா மேல் அதைத்தான் தூவுவார்கள். சில இனிப்புகளில் ஜெலட்டின், அதுவும் விலங்கிலிருந்து எடுப்பதுதான். என் மாமியார் பார்மசானைப் பற்றித் தெரிந்ததும் தட்டை நகர்த்திவிட்டார். அப்புறம் நான் ஒவ்வொரு வேளையும் கேட்டுத்தான் வாங்கிக் கொடுத்தேன். சலிக்காமல் பதில் சொன்னார்கள். சமையலறையில் கோவாக்காரர் ஒருவர் இருந்தார், முதல் நாள் ராத்திரி சொல்லிவைத்தால் மறுநாள் பருப்பும் சோறும் தனியாக வரும். தக்காளியும் எண்ணெயும் பூண்டும் மட்டும் போட்ட பீட்சா, வேகவைத்த காய், ரொட்டி, பழம், தயிர் எப்போதும் கிடைக்கும். பருப்புப் பொடி, இட்லிப் பொடி கடையில் வாங்கிய மூடிய பாக்கெட்டாக எடுத்துப் போங்கள்.

எடுத்துப்போகக் கூடாதது எது என்றும் சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் இதுதான் முதலில் பெட்டிக்குள் போகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சிப் பொருளும் கொண்டுபோக அனுமதி கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அக்காவுக்குப் பிடிக்கும் என்று வாங்காதீர்கள், நெய்யும் வேண்டாம். மே மாதம் மாம்பழம் கண்ணில் படும், அதுவும் கூடாது. கறிவேப்பிலையும் மல்லிகைச் சரமும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் போகாது.

மூட்டு வலிக்கு ஏற்ற ஊர்கள். வலெட்டாவில் கப்பல் நுழையும்போது விடியற்காலையில் மேல்தளத்துக்குப் போய்விடுங்கள், இரண்டு பக்கமும் கோட்டைச் சுவர் மஞ்சள் கல்லில் எழுந்து நிற்கும், அந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. ஊர் மேட்டில் இருக்கிறது. துறைமுகச் சாலையிலிருந்து பரக்கா லிஃப்ட் ஏறத்தாழ 58 மீட்டர் தூக்கி நேரே தோட்டத்தில் விட்டுவிடும், படியே இல்லை. மத்தியானம் பன்னிரண்டுக்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள், உங்கள் மகளுக்குப் பிடிக்கும். பலெர்மோவில் கப்பல் ஊரின் ஓரத்திலேயே நிற்கும், பெரும்பாலும் சமதளம். ஜெனோவாவிலும் ஊர் பக்கத்திலேயே. பழைய துறைமுகத்தில் பெரிய மீன்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகள் இரண்டு பேரையும் அங்கே அழைத்துப்போங்கள்.

மார்செயில் மட்டும் கப்பல் முனையம் ஊரைவிட்டு வடக்கே தள்ளி இருக்கிறது. லியோனிலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் மார்செய் சேன் ஷார்ல் ஸ்டேஷனுக்கு வந்துவிடும், அங்கிருந்து எட்டுப் பேருக்கும் பெட்டிக்கும் டாக்ஸிதான் சரி. ஏறுகிற நாள் காலை ரயிலை நம்ப வேண்டாம். பிரான்சில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடப்பது. முந்தின சாயங்காலமே வந்து பழைய துறைமுகப் பக்கம் தங்கிவிடுங்கள். மலைமேல் இருக்கும் நோத்ர் தாம் தெ லா கார்த் தேவாலயத்துக்கு பஸ் போகிறது, ஊர் முழுக்கத் தெரியும்.

விசா பற்றி வேறு யாராவது விவரமாகச் சொல்லுங்கள். நான் இத்தாலி விசாவில் போனேன், தம்பிக்கு அது பொருந்தாது.

திருநகர் செந்தில்:

டீச்சர் (டீச்சர்தானே? எழுத்தைப் பார்த்தால் அப்படித் தெரிகிறது), ரொம்ப நன்றி. உங்கள் மாமியார் பற்றி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா உடனே "மார்செய்" என்றார். ஆனால் ரவி சொன்ன ரோம்? அப்பாவுக்கு வத்திக்கானை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். அப்புறம், தினமும் ஆள் ஏறினால் பாதுகாப்புப் பயிற்சியும் தினமும் நடக்குமா? கடலில் ஆட்டம் எப்படி? அம்மாவுக்கு பஸ்ஸிலேயே தலை சுற்றும்.

மேலூர் பாண்டி:

அண்ணே, நான் கப்பலில் ஹோட்டல் பிரிவில் வேலை செய்தவன், இந்தப் பக்கத்துச் சுற்றில்தான் நிறைய நாள். இப்போது ஊரில் இருக்கிறேன். பாதுகாப்புப் பயிற்சி கேள்விக்கு நான்தான் பதில் சொல்லணும்.

தினமும் நடக்கும், அன்றைக்கு ஏறியவர்களுக்கு. இதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கன்கார்டியா கப்பல் இத்தாலியில் ஜிலியோ தீவுப் பாறையில் மோதிச் சாய்ந்தது. 4,200 பேருக்கு மேல் இருந்த கப்பல். 32 பேர் இறந்தார்கள். அது அன்று சாயங்காலம்தான் சிவிடவெக்கியாவிலிருந்து புறப்பட்டது, ராத்திரியே மோதிவிட்டது. அதுவும் இதே மாதிரி பல துறைமுகங்களில் ஆள் ஏற்றும் சுற்று. அந்தக் காலத்து விதிப்படி, ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி நடத்தினால் போதும். அன்று சிவிடவெக்கியாவில் ஏறியவர்களுக்கு மறுநாள்தான் வைத்திருந்தார்கள். படகு எங்கே, எந்தப் பக்கம் ஓடணும் என்று தெரியாமலே அவர்கள் அந்த ராத்திரியில் இருந்தார்கள். அப்புறம் சர்வதேச விதியை மாற்றினார்கள். 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ புதிதாக ஏறியவர்கள் எல்லோருக்கும் பயிற்சி முடிந்திருக்க வேண்டும்.

இப்போது பல கப்பல்களில் கேபின் டிவியில் படம் பார்த்துவிட்டு, உங்கள் கப்பல் அட்டையில் ஓர் எழுத்தால் குறித்திருக்கும், ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்ட வேண்டும். அதற்கே சிலர் வரமாட்டார்கள், நாங்கள் கேபின் கேபினாகப் போய்க் கூப்பிடுவோம். அண்ணே, நீங்கள் அப்பா, அம்மா, பாப்பா எல்லோரையும் அழைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு லிஃப்ட் இல்லாமல் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்குப் படி ஏற முடியாது என்பதைப் பதிவிலேயே சொல்லிவிட்டால், உதவிக்கு வரவேண்டியவர்கள் பட்டியலில் அவர்கள் கேபின் எண் இருக்கும். இதைச் சொல்ல யாரும் கூச்சப்படக் கூடாது. ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல் கேட்டால் அதுதான் பொது அபாயச் சத்தம். பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

ஆட்டம்: மே மாதத்தில் பொதுவாக அமைதிதான். பார்சலோனாவுக்கும் மார்செய்க்கும் நடுவில் லயன்ஸ் வளைகுடா என்று ஒரு பகுதி உண்டு. வடக்கிலிருந்து மிஸ்ட்ரல் காற்று இறங்கினால் அங்கேதான் ஆடும். உங்கள் அட்டவணையில் அது வெள்ளி ராத்திரி, கடைசி ராத்திரி. அம்மாவுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் கேபின் கேளுங்கள். மேலேயும் முனைகளிலும்தான் ஆட்டம் அதிகம் தெரியும். லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேட்டு இங்கேயே வாங்கிப் போங்கள். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் பார்த்தாலே பில் வரும். இன்சூரன்ஸில் கப்பல் மருத்துவச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

அப்புறம் மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி இரண்டும் கப்பலில் அனுமதி இல்லை. ஏறும்போதே ஸ்கேனில் பார்த்து எடுத்து வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போதுதான் தருவார்கள். வெந்நீர் பஃபேயில் எந்த நேரமும் கிடைக்கும், காபிக்கு அங்கே போய்விடலாம்.

ரோமுக்கு வழி இருக்கிறது. சிவிடவெக்கியாவிலிருந்து ரோம் போகும் ரயில் ரோமின் பெரிய ஸ்டேஷனான டெர்மினி வரை போவதற்கு முன்னால் ரோமா சான் பியெத்ரோ என்ற ஸ்டேஷனில் நிற்கும். அங்கே இறங்கினால் வத்திக்கானின் பெரிய தேவாலயம் நடக்கும் தூரம்தான், பத்துப் பதினைந்து நிமிஷம். அப்பாவும் நீங்களும் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கொலோசியத்தையும் சேர்க்காதீர்கள், அங்கேதான் கப்பலை விடுகிறார்கள். அம்மா அக்காவோடு கப்பலில் இருக்கட்டும். அன்றைக்குப் பாதி ஆள் ரோமுக்குப் போயிருப்பார்கள், கப்பல் காலியாக, அமைதியாக இருக்கும். தாயும் மகளும் உட்கார்ந்து பேச அந்த நாள் மாதிரி வேறு நாள் கிடைக்காது.

பசுமலை ரவி:

பாண்டி சொன்னபடி அப்பாவுக்கு வத்திக்கான் கிடைத்துவிட்டால் மார்செய்க்கு நானும் சம்மதம். விசா விவரம் எனக்குத் தெரியும், சொல்கிறேன்.

ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா), எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டுக்குப் போட வேண்டும். சிவிடவெக்கியாவில் ஏறி ரோமில் தங்கியிருந்தால் இத்தாலி. அக்கா வீட்டில் கப்பலுக்கு முன்னும் பின்னும் தங்குவதாக இருந்தால் பிரான்ஸ்தான் அதிகம், பிரான்ஸ் விசா. உறவினர் வீட்டில் தங்குவதற்கு அக்கா தன் ஊர் நகராட்சியில் விருந்தினர் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அத்தெஸ்தாசியோன் தக்கேய் என்று பெயர். அதை இப்போதே கேட்கச் சொல்லுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குத் தள்ளக் கூடாது. கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, விண்ணப்பம் வாங்கும் விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கைரேகைக்குச் சென்னை போக வேண்டும், பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர், வேலையை முடித்துவிட்டு அன்று ராத்திரியே திரும்பிவிடலாம். 12 வயதுக்குக் கீழ் கைரேகை கிடையாது.

உங்கள் சுற்றில் எல்லாமே ஷெங்கன் நாடுகள், மால்டாவும் சேர்த்து. ஆனாலும் பல முறை நுழையும் விசாவே கேளுங்கள். இதே பக்கத்தில் துனீசியாவைத் தொட்டு வரும் சுற்றுகளும் உண்டு, பின்னால் அட்டவணை மாறினால் மறுபடி உள்ளே நுழைய அது வேண்டும்.

பெயர் விஷயம் கவனம். நம் பெற்றோர் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாகவோ, இனிஷியலை விரித்தோ இருக்கும். விமான டிக்கெட், கப்பல் பதிவு, இன்சூரன்ஸ், அக்கா வாங்கும் சான்று நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும். லியோனில் பதிவு செய்யும் அக்கா வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிடப் போகிறார்.

திருநகர் செந்தில்:

மூன்று பேருக்கும் நன்றி. வீட்டில் முடிவாகிவிட்டது. அழகர் ஆற்றில் இறங்கிய மறுவாரம் கிளம்பி, சென்னை, துபாய் வழியாக லியோன். அங்கே அக்கா வீட்டில் சில நாள். எட்டுப் பேரும் மார்செய்க்கு முந்தின நாள் வந்து சனிக்கிழமை ஏறுகிறோம், இறங்கி மறுபடி லியோன். ஏஜென்டிடம் சொன்னேன், சிவிடவெக்கியாவைவிடக் கட்டணம் சற்று அதிகம் என்றார். அப்பா "வித்தியாசத்தை நான் தருகிறேன், பென்ஷன் எதற்கு இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். எட்டுப் பேருக்கும் ஒரே பதிவாக அக்காவே போடுகிறார். பாஸ்போர்ட் முதல் பக்கங்களை நேற்றே அனுப்பிவிட்டேன். அம்மா கேபின் நடுவில், லிஃப்ட் பக்கம் என்று கேட்டிருக்கிறோம்.

டீச்சர், ஒரே ஒரு கேள்வி. பந்தி முதலா, இரண்டாவதா, எதைக் கேட்கட்டும்?

புதூர் மங்கையர்க்கரசி:

முதல் பந்தி கேளுங்கள் தம்பி. இரண்டாவது பந்தி ராத்திரி ஒன்பதை ஒட்டித் தொடங்கும், நாலு ஐந்து வகையாகப் பரிமாறி முடிக்கப் பதினொன்றாகிவிடும். அம்மா மாத்திரை போடுகிறவர், பிள்ளைகள் தூங்கிவிழுவார்கள். முதல் பந்தியில் ஒரு குறை உண்டு. ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி உடனே தயாராக வேண்டியிருக்கும். பார்சலோனா அன்று மட்டும் அது நெருக்கும், அன்றைக்குப் பஃபேயில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கும் ஒரே வட்ட மேசை என்று பதிவில் எழுதச் சொல்லுங்கள், அம்மா பெயருக்கு நேரே சைவம் என்று தனியாக. ஆமாம், டீச்சர்தான்.